கனிவும் தேர்ச்சிக்குரிய திறனே
இளநிலை மருத்துவக் கல்வி குறித்த எங்கள் நிலைப்பாடு

நல்ல மருத்துவர்கள் எப்படி உருவாகிறார்கள் என்ற பேச்சு தமிழ்நாட்டில் பெரும்பாலும் நீட் தேர்வோடு தொடங்கி அதோடு முடிந்துவிடுகிறது. யார் உள்ளே வருவது என்பதில் காட்டும் அக்கறையை, வந்தவர்கள் நாலரை ஆண்டுப் படிப்பிலும் ஓராண்டுப் பயிற்சியிலும் எப்படி வார்க்கப்படுகிறார்கள் என்பதில் நாம் காட்டுவதில்லை. மருத்துவர்களும் மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களும் நோயாளிகளின் குடும்பத்தாரும் சேர்ந்த எங்கள் அமைப்பு, அந்த ஐந்தரை ஆண்டுகள் பற்றிய தன் கருத்தை இங்கே முன்வைக்கிறது.

நிலைப்பாடு

கனிவு மருத்துவத் திறனின் பகுதி. பிறவிக் குணம் என்று சொல்லி அதைக் கைகழுவ முடியாது. அதைக் கற்பிக்கலாம், சோதிக்கலாம். கற்கும் இடம் வார்டு. ஆகவே பாடத்திட்டத்தில் இன்னும் சில வகுப்புகளைச் சேர்ப்பதைவிட, வார்டில் மூத்தவர்கள் நடந்துகொள்ளும் முறை, செய்முறைத் தேர்வில் மதிப்பெண் போடும் முறை, பயிற்சி மருத்துவர்களின் பணிநேரம் ஆகிய மூன்றையும் திருத்துவதே அவசரம்.

பின்னணி

இந்தக் கவலை பழையது. 1946-இல் சர் ஜோசப் போர் தலைமையிலான குழு, மருத்துவம் படிப்பவர் மக்களின் வாழ்நிலை அறிந்தவராக வெளிவர வேண்டும் என்று கருதி, நோய்த்தடுப்பு மற்றும் சமூக மருத்துவத்தில் மூன்று மாதப் பயிற்சியைப் பரிந்துரைத்தது. 2019-இல் திறன் அடிப்படையிலான புதிய பாடத்திட்டம் வந்தபோது, மனப்பான்மை, அறநெறி, உரையாடல் ஆகியவற்றுக்கென ‘ஏட்காம்’ என்ற தனிப் பகுதியும் வந்தது. அதன்படி, நோயாளியாக இருப்பது எப்படிப்பட்டது என்று முதலாண்டு மாணவர் யோசிக்க வேண்டும். உடற்கூறு மேசையில் கிடக்கும் உடலைத் தன் முதல் ஆசானாக மதிக்கவும் பழக வேண்டும். பின்னர், மாணவர் சில குடும்பங்களின் உடல்நலத்தைத் தொடர்ந்து கவனிக்கும் குடும்பத் தத்தெடுப்புத் திட்டமும் சேர்ந்தது. இவை அனைத்தையும் வரவேற்கிறோம்.

எங்கே தவறுகிறது?

அமெரிக்காவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரி மாணவர்களிடம் செய்த ஆய்வு 2009-இல் வெளியானது. மாணவர்களின் பரிவு மூன்றாம் ஆண்டில் சரிவதை அது காட்டியது. நோயாளிகளோடு நெருங்கிப் பழகத் தொடங்கும் ஆண்டு அது.

நம் வார்டுகளில் இதற்குக் காரணம் தேடி அலைய வேண்டியதில்லை. காலை ரவுண்ட்ஸில் “பத்தாம் நம்பர் பெட், லிவர் கேஸ்” என்று அறிமுகம் நடக்கிறது. வயிற்றில் நீர் கோத்த அந்த மனிதர் சட்டையை விலக்கிக்கொண்டு படுத்திருக்க, எட்டு மாணவர்கள் வரிசையாக வந்து தட்டிப் பார்க்கிறார்கள். திரையை இழுத்துவிட யாருக்கும் தோன்றவில்லை. பெயர் சொல்லி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரவம் இடம் மாறும்போது தட்டும் ஒலி எப்படி மாறும் என்பதை மாணவர் அன்று கற்கிறார். நோயாளியிடம் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பதையும் கூடவே கற்கிறார். யாரும் சொல்லிக்கொடுக்காத இந்த இரண்டாவது பாடம்தான் ஆயுளுக்கும் நிலைக்கிறது.

இதனால் மருத்துவமும் கெடுகிறது. ஒரு நோயாளியின் சர்க்கரை அளவு இறங்கவே இல்லையென்றால் மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதுவது சுலபம். உட்கார வைத்துப் பேசினால்தான், அடுத்த மாதம்வரை வர வேண்டுமே என்று அவர் மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போடுவது தெரியவரும். ஃப்ரிட்ஜ் இல்லாத வீட்டில் இன்சுலின் எங்கே இருக்கிறது என்பதும் தெரியவரும். கேட்கத் தெரியாதவருக்குச் சிகிச்சையும் தப்பும்.

தேர்வும் பணிநேரமும்

இறுதித் தேர்வின் லாங் கேஸை எடுத்துக்கொள்வோம். மாணவர் நோயாளியோடு தனியே இருந்து விவரம் சேகரிக்கிறார். பிறகு தேர்வாளர் முன் ஒப்பிக்கிறார். கண்டறிந்ததைத் தேர்வாளர் கேட்கிறார். கண்டறிந்த விதத்தைப் பார்ப்பதே இல்லை. ஏட்காம் திறன்களைச் செய்முறைத் தேர்விலும் சோதிக்க வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அது எழுத்துத் தாளின் ஒரு சிறு வினாவோடு நின்றுவிடுகிறது. நேரில் பார்த்து மதிப்பிடும் வழி இல்லாமலில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்ட் ஹார்டன் குழுவினர் 1975-இல் அறிமுகப்படுத்திய, மாணவர் செய்வதை நேரில் பார்த்து மதிப்பெண் இடும் ‘ஆஸ்கி’ முறை நம் கல்லூரிகளுக்கும் பழக்கமானதுதான்.

பணிநேரத்திலும் விதி ஏட்டோடு நிற்கிறது. உறைவிட மருத்துவர்களுக்கு வாரம் 48 மணி, ஒரே மூச்சில் 12 மணிக்கு மிகாமல் என்று ஒன்றிய அரசு 1992-இலேயே வரையறுத்தது. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு பரிந்துரைத்த உச்சவரம்பு வாரம் 74 மணி. இரவு டூட்டி முடித்துத் தூங்காமல் மறுநாள் ஓ.பி.யில் உட்காரும் பயிற்சி மருத்துவரிடம் பொறுமையை எதிர்பார்ப்பது அநியாயம்.

பரிந்துரைகள்

1. செய்முறைத் தேர்வில் மாணவர் நோயாளியிடம் பேசுவதையும் பரிசோதிப்பதையும் தேர்வாளர் சிறிது நேரமாவது நேரில் கவனிக்க வேண்டும். இந்தப் பகுதியில் தவறியவருக்கு மற்ற மதிப்பெண்களைக் கொண்டு தேர்ச்சி தரக் கூடாது.

2. படுக்கையருகே பாடம் நடத்தும்போது அனுமதி கேட்பதும் திரை இழுப்பதும் கட்டாயம். தொட்டுப் பார்க்கும் மாணவர் எண்ணிக்கைக்கு வரம்பு வேண்டும். மறுக்கும் நோயாளியின் சிகிச்சையில் எந்தக் குறையும் வரக் கூடாது.

3. புற்றுநோய் உறுதியானதையோ மரணத்தையோ குடும்பத்தாரிடம் சொல்லும் பயிற்சி, நோயாளியின் மொழியிலேயே, மூத்தவர் உடனிருக்க நடக்க வேண்டும்.

4. பயிற்சி மருத்துவர், பட்டமேற்படிப்பு மாணவர் ஆகியோரின் பணிநேரப் பதிவேட்டை ஒவ்வொரு கல்லூரியும் வெளியிட வேண்டும்.

5. ஆசிரியர் பதவி உயர்வில் ஆய்வுக் கட்டுரைகளோடு, வார்டில் அவர் நடந்துகொள்ளும் விதம் குறித்து மாணவர்களும் செவிலியர்களும் பெயர் குறிப்பிடாமல் தரும் கருத்துகளையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

மாற்றுக் கருத்துகள்

சேர்க்கையின்போதே நேர்முகத் தேர்வு வைத்துக் கனிவுள்ளவர்களைப் பொறுக்கி எடுக்கலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை. அது சரளமாகப் பேசப் பழகிய வீட்டுப் பிள்ளைகளுக்கே சாதகமாகும். 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் அரசுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளைக்கு இன்னொரு தடையாகும்.

கூட்டம் அலைமோதும் ஓ.பி.யில் இதற்கெல்லாம் நேரமேது என்ற கேள்வி நியாயமானது. நேரமின்மைக்குக் காரணமான காலியிடங்களை நிரப்பும் பொறுப்பு அரசுடையது. அதை மாணவர்களின் தலையில் கட்டக் கூடாது. ஆனால் பெயர் கேட்கவும் திரை இழுக்கவும் புதிய பணியிடம் தேவையில்லை.

தமிழ்நாட்டில் பெரும்பாலான மருத்துவக் கல்லூரிகளுக்குப் பல்கலைக்கழகத் தேர்வுகளை நடத்துவது டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம். முதல் பரிந்துரையில் நேரில் கவனிக்கும் பகுதி நடப்பு விதிகளுக்கு உட்பட்டதே என்பதால், டெல்லியின் உத்தரவுக்குக் காத்திராமல் அடுத்த செய்முறைத் தேர்விலேயே அதைத் தொடங்கும்படி கோருகிறோம். எங்கள் அமைப்பின் ஆசிரிய உறுப்பினர்கள் இரண்டாவது பரிந்துரையைத் தங்கள் யூனிட்டுகளில் உடனே நடைமுறைப்படுத்துவார்கள்.