பால் மறக்கும் நாள்

பன்றியைப் பற்றியா சங்க இதழுக்கு எழுதப் போகிறாய் என்று கரோல் பாக் அறையில் என்னோடு தங்கியிருக்கும் நண்பர்கள் நகைத்தனர். நகைக்கட்டும். திருச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் எட்டு வெண்பன்றிகள் ஈன்ற குட்டிகளை விற்ற பணத்தில்தான் நான் தலைநகரில் பொருளியல் படிக்கிறேன். சோறிட்ட தொழிலைச் சொல்ல நாணுவானேன்?

சென்ற ஆண்டு நான் ஒரு கணக்குப் போட்டேன். பன்றியின் சினைக்காலம் ஏறத்தாழ 114 நாள். குட்டிகளைப் பிரித்தபின் ஒரு வாரத்தில் தாய் மீண்டும் சினைப்பருவத்துக்கு வரும். எங்கள் பண்ணையில் 56 நாள் பாலூட்ட விடுவது வழக்கம். ஆக 177 நாள். ஆண்டுக்கு இரண்டு ஈற்றுக்குச் சற்றே மிகும். 21 நாளில் பிரித்தாலோ 142 நாள்தான். ஈற்று இரண்டரையைத் தாண்டும்! அஜ்மல் கான் சாலை இரைச்சலுக்கிடையே அப்பாவிடம் தொலைபேசியில் இதை விளக்கினேன். படித்த பிள்ளையின் சொல்லை அவர் தட்டவில்லை.

இரண்டு தாய்களின் பத்தொன்பது குட்டிகளைப் பிரித்தார். கழிச்சல் கண்டு ஐந்து மாண்டன. எஞ்சியவை மயிர் சிலிர்த்து, வயிறு ஒட்டி, விற்கும் எடையை எட்ட ஒரு மாதம் பிந்தின. தீவனக் கடனும் வளர்ந்தது.

என் கணக்கு விட்டுவிட்டது குட்டியின் குடலை. மூன்று வாரக் குட்டியின் இரைப்பையில் அமிலம் போதாது. மாவும் புண்ணாக்கும் செரிக்கும் நொதிகள் முதிரவில்லை. சீம்பாலில் பெற்ற நோய்த்தடுப்பு ஆற்றல் தேயும் காலமும், சொந்த ஆற்றல் நிரம்பாத காலமும் அதுவே. திடீரென்று பால் நின்றால் குட்டி இரை எடுக்காது; உணவை உறிஞ்சும் குடல் விரலிகள் சுருங்கிவிடும். பின் எடை எப்படி ஏறும்?

மேல்நாட்டார் 21 நாளில் பிரிக்கவில்லையா என்று கேட்கலாம். பிரிக்கின்றனர், வெதுவெதுப்பான கொட்டிலும் பால்பொடி கலந்த தீவனமும் வைத்துக்கொண்டு பிரிக்கின்றனர். அங்கும் கதை வேறாகி வருகிறது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தார் 12 நாள் முதல் 21 நாள் வரை பிரித்த குட்டிகளை ஒப்பிட்டு 2004இல் முடிவை வெளியிட்டனர்: பிந்திப் பிரித்தவையே நன்கு வளர்ந்தன, குறைவாக இறந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2008ஆம் ஆண்டு நெறியோ 28 நாளுக்கு முன் பிரிக்கலாகாது என்கிறது. தூய்மை செய்த தனிக்கொட்டில் இருந்தால் மட்டும் ஒரு வாரம் சலுகை.

அதற்காக 56 நாளே வேதம் என்பேனல்லன். தாயின் பால் மூன்று நான்கு வாரத்தில் உச்சம் தொட்டுப் பின் குறைகிறது. அதற்குமேல் நீட்டினால் தாய் மெலியும். குட்டியின் பசியும் தீராது. எனவே நம்மூர்ச் சிறு பண்ணைக்கு 42 நாளே தக்கது என்பது என் கருத்து. அதுவும் வெறும் நாளெண்ணிக்கை அன்று. பிறந்த மூன்றாம் நாளையொட்டி இரும்புச்சத்து ஊசி போடவேண்டும். இரண்டாம் வாரம் முதல் குட்டித் தீவனத்தைக் கொஞ்சங் கொஞ்சமாய்ப் பழக்கவேண்டும். பிரிக்கும் நாளில் தாயை அகற்றிக் குட்டிகளைப் பழகிய கொட்டிலிலேயே விடவேண்டும். நலிந்த குட்டிக்கு இன்னும் சில நாள் பால் கொடுத்தால் குடி முழுகாது.

சென்னையை அடுத்த காட்டுப்பாக்கத்தில் கால்நடைப் பல்கலைக்கழகத்தார் வெண்பன்றி வளர்க்கின்றனர். அங்கே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் ஐந்து குட்டிகள் பிழைத்திருக்கும். நான் கேட்கவில்லை. முப்பது ஆண்டு பன்றி மேய்த்த என் தந்தையையும் கேட்கவில்லை.

தோழர்களே, ஊருக்கு அறிவுரை சொல்லும் ஆசை நம் எல்லோருக்கும் உண்டு. சொல்லுவோம். ஆனால் ஏட்டிலே நாளைக் கழிக்குமுன், அந்த நாளில் கொட்டிலிலே என்ன நடக்கிறதென்று ஒருமுறை கேட்டுவிட்டுச் சொல்லுவோம்.