வாய் நாற்றத்துக்கு நுரை மருந்தா?

பளிச்சென்று பல் துலக்கியும் சிலருக்கு மத்தியானத்துக்குள் வாய் நாறுகிறது. காரணம் பல் மட்டுமல்ல. நாக்கின் பின்பகுதியில் தங்கும் கிருமிகள் உணவுத் துணுக்குகளை அழுகச் செய்து கந்தக வாயுவை உண்டாக்குகின்றன. முதல் வேலை நாக்கை வழிப்பது. பாட்டிமார் தினமும் செய்தார்கள். பிரஷ் வந்ததும் பலர் அதை விட்டது தப்பு.

பற்பசையின் புதினா மணம் நாற்றத்தைச் சற்று நேரம் மறைக்கும். நுரை அதுகூடச் செய்யாது! துத்தநாக உப்புதான் அந்த வாயுவைக் கட்டும். அட்டையில் 'ஜிங்க்' என்று போட்டிருக்கும். வெள்ளீய புளோரைடு கிருமிகளையே அடக்கும்.

ஆனால் புளோரைடு என்றால் சேலம், நாமக்கல் வட்டாரத்தில் ஜாக்கிரதை வேண்டும். அங்கே பல ஊர்களில் கிணற்று நீரிலேயே அது அதிகம். குழந்தைகள் பசையையும் விழுங்கினால், பின்னால் முளைக்கும் பல்லில் கறை தெரியும். மூன்று வயது வரை அரிசி அளவு, ஆறு வயது வரை பட்டாணி அளவு போதும். விளம்பரப் படத்தில் பிரஷ் நெடுக வைக்கிறார்களே, அது வியாபாரம்!