என்ன விளையாட்டு என்று கேளுங்கள்!

"எப்பப் பார்த்தாலும் வீடியோ கேம்! சாப்பிடக் கூப்பிட்டா காதிலேயே விழறதில்லை!" என்று அலுத்துக்கொள்ளும் தாய்மார்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "என்ன விளையாட்டு விளையாடறான்?" அநேகமாகப் பதில் வராது. "ஏதோ ஓடறான், சுடறான்" என்பார்கள்.

ரசமும் சாப்பாடுதான், அல்வாவும் சாப்பாடுதான். இரண்டையும் ஒரே அளவிலா பரிமாறுகிறோம்? வீடியோ விளையாட்டும் அப்படித்தான். ரகம் தெரிந்தால்தான் அளவு சொல்ல முடியும்.

ஜப்பானில் 1889-ல் பூப்படச் சீட்டுக்கட்டு செய்யத் தொடங்கிய நின்டெண்டோ கம்பெனி, 2017 மார்ச்சில் 'ஸ்விட்ச்' என்ற விளையாட்டுப் பெட்டியை வெளியிட்டது. அந்த ஒரு பெட்டிக்கே எத்தனை ரகம், பாருங்கள்!

'மரியோ கார்ட் 8 டீலக்ஸ்' கார்ப் பந்தயம். ஒரு பந்தயம் சில நிமிஷத்தில் முடிந்துவிடும். 'ஓவர்குக்ட் 2' நம்ம ஏரியா: நாலு பேர் வரை சேர்ந்து காய் நறுக்கி, சமைத்து, தட்டு கழுவி, நேரத்துக்குப் பரிமாற வேண்டும். இதிலும் ஒவ்வொரு சுற்றும் சின்னதுதான். "இன்னும் ரெண்டு ஆட்டம், அப்புறம் சாப்பாடு" என்று பேசி வைத்துக்கொண்டால் சண்டையே வராது.

'செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' வாரக்கணக்கில் நீளும் சாகசக் கதை. ஆனால் அநேகமாக எந்த இடத்திலும் 'சேவ்' செய்துவிட்டு எழுந்து வரலாம், தொடர்கதையில் பக்கத்தை மடக்கி வைப்பதுபோல. 2020-ல் வந்த 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' ஒரு தீவில் குடித்தனம் நடத்துவது. நமக்கு ராத்திரி என்றால் அங்கேயும் ராத்திரி. 10 மணிக்குக் கடை சாத்திவிடுவார்கள்! தினம் கொஞ்ச நேரம் போதும்.

"உட்கார்ந்தே கிடக்கிறான்" என்ற புகார் 'ரிங் ஃபிட் அட்வெஞ்ச'ருக்குப் பொருந்தாது. 2019-ல் வந்த இதில் கையில் வளையம், தொடையில் பட்டையோடு நின்ற இடத்திலேயே ஓட வேண்டும். உட்கார்ந்து எழ வேண்டும். பெரியவர்களுக்கே வேர்த்துக் கொட்டும்.

'ஃபோர்ட்நைட்' வேறு ஜாதி. அதன் பிரபலமான ஆட்டத்தில் 100 பேர் வரை இன்டர்நெட் வழியே துப்பாக்கியோடு மோதுகிறார்கள். நடுவில் நிறுத்தி வைக்க வழியில்லை; எழுந்தால் தோல்வி. முன்பின் தெரியாதவர் குரலும் காதில் விழலாம். விளையாட்டு இலவசம், உள்ளே உடை, நடனம் என்று காசுக்கு விற்பார்கள். தாயின் கண் அவசியம் வேண்டிய இடம் இதுதான். சாப்பாட்டுக்கு அரைமணி முன்பே "இனி புது ஆட்டம் ஆரம்பிக்காதே, கண்ணா" என்று சொல்லிவிடுங்கள். நடுவில் பிடுங்கினால் அழுகைதான் மிஞ்சும்.

வாங்கும்போது அட்டையில் வயது அடையாளம் பாருங்கள். ஐரோப்பிய முறையில் 3, 7, 12, 16, 18 என்று எண்ணே போட்டிருக்கும். ஸ்விட்ச்சில் தினம் இவ்வளவு நேரம் என்று உங்கள் போனிலிருந்தே வரம்பு வைக்கவும் வசதி உண்டு.

இத்தனைக்குப் பிறகும் தூக்கம், படிப்பு, சிநேகிதர்கள் எல்லாவற்றையும் தள்ளிவிட்டு, நிறுத்தவே முடியாமல் மாதக்கணக்கில் போகிறதா? திட்டாதீர்கள், டாக்டரிடம் அழைத்துப் போங்கள். 2022-ல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இதுவும் இருக்கிறது.

மற்றபடி, இந்த ஞாயிற்றுக்கிழமை அரைமணி பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடேன்" என்று கேளுங்களேன். பிள்ளை வாய் ஓயாமல் சொல்லுவான்!