களம் பல, கண் ஒன்று

"பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நாட்டில் வழங்கும் பழமொழி. ஒரு துறையில் நிலைத்து நில்லாமல் பல துறைகளில் புகுவோர் எதிலும் தேர்ச்சி பெறார் என்பது இதன் கருத்து. தொழில்கள் பலவற்றிற்கு இஃது ஏற்ற அறிவுரையே. ஆயினும், புகைப்படக் கலைக்கு இஃது அவ்வளவாகப் பொருந்துவதன்று. போர்க்களம், அரசியல் மேடை, இசையரங்கு, விளையாட்டுத் திடல் எனக் களங்கள் மாறலாம். எல்லாவற்றிலும் அக்கலைஞர் தேடுவது ஒன்றே. அது மனித உள்ளத்தைக் காட்டும் முகம். ஒரு களத்தில் பெற்ற பயிற்சி மற்றொரு களத்தில் கண்ணுக்குக் கூர்மை தரும்.

இதற்குத் தக்க சான்றாக விளங்குபவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் டேவிட் பர்னெட். அவர் 1946ஆம் ஆண்டு சால்ட் லேக் சிட்டி நகரில் பிறந்தார். 1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மனிதரை நிலவுக்கு ஏற்றிச் சென்ற அப்பல்லோ 11 புளோரிடாவிலிருந்து புறப்பட்டபொழுது, உலகத்தின் கண்கள் விண்கலத்தின்மீதே பதிந்திருந்தன. பர்னெட்டோ அதனை அண்ணாந்து நோக்கிய மக்களின் முகங்களைப் படம் பிடித்தார். பின்னர் வியட்நாம் போரைப் படம் எடுத்தார். 1976இல் ஜமைக்கா சென்று பாப் மார்லி என்னும் இசைவாணரைப் படம் எடுத்தார். 1979இல் ஈரான் நாட்டுப் புரட்சியின் நடுவே நின்று பணியாற்றினார். அதே ஆண்டில், தாய்லாந்திலிருந்த அகதிகள் முகாமில், குழந்தையை அணைத்திருந்த கம்போடியப் பெண் ஒருவரை அவர் எடுத்த படம், உலகப் பத்திரிகைப் புகைப்படப் போட்டியில் அவ்வாண்டின் தலைசிறந்த படமாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது.

விளையாட்டரங்கம் ஒன்று சிறைச்சாலையாக மாறிய கொடுமையையும் அவர் கண்டார். 1973ஆம் ஆண்டு செப்டம்பரில் சிலி நாட்டின் ஆட்சியை இராணுவம் கைப்பற்றியது. சாண்டியாகோ நகரின் தேசிய விளையாட்டரங்கில் ஆயிரக்கணக்கானோர் அடைத்து வைக்கப்பட்டனர். ஆரவாரம் எழ வேண்டிய இடத்தில் அச்சம் குடிகொண்டது. அங்கே அடைபட்டோரின் முகங்களைப் பர்னெட்டின் காமிரா பதிவு செய்தது.

இத்தகைய துயரங்களைக் கண்டவர் விளையாட்டைப் படம் எடுப்பது சிறு செயல் என்று சிலர் எண்ணக்கூடும். அவ்வெண்ணம் தவறு என்பதை 1984ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக் போட்டி காட்டியது. பெண்களுக்கான 3000 மீட்டர் ஓட்டத்தில் அமெரிக்க வீராங்கனை மேரி டெக்கர் கலந்துகொண்டார். அதற்கு முந்தைய ஆண்டில் உலகப் போட்டியில் இரு தங்கப் பதக்கங்கள் வென்றவர் அவர். எனினும், காயத்தால் 1976ஆம் ஆண்டு ஒலிம்பிக்கையும், தம் நாடு விலகி நின்றமையால் 1980ஆம் ஆண்டு ஒலிம்பிக்கையும் இழந்தவர். பாதி வழி கடந்த நிலையில் சோலா பட் என்னும் வீராங்கனையின் காலோடு அவர் கால் மோதிற்று. டெக்கர் ஓடுபாதையின் ஓரத்துப் புல்தரையில் வீழ்ந்தார், எழ இயலவில்லை. ஓட்டம் அவரை விட்டு நெடுந்தூரம் சென்றுவிட்டது. வலியும் ஏமாற்றமும் நிறைந்த அம்முகத்தைப் பர்னெட் படம் பிடித்தார். பந்தயத்தில் வென்றவர் ருமேனிய நாட்டின் மரிச்சிக்கா புய்க்கா. ஆயினும், அப்பந்தயத்தைப் பற்றிப் பேசுவோர் பலரின் நினைவில் இன்றும் நிற்பது வீழ்ந்தவரின் முகமே.

பிறர் துன்பத்தைப் படம் எடுப்பது இரக்கமற்ற செயலன்றோ என்ற வினா எழலாம். அது நல்ல வினாவே. எள்ளி நகையாடும் நோக்கத்தோடு எடுப்பின் அது இழிசெயலே. ஆனால், வென்றவரை மட்டுமே காட்டும் படங்கள் விளையாட்டைப் பற்றிய பாதி உண்மையையே கூறும். பதக்கம் பெறுவோர் மூவர். பல ஆண்டுகள் உழைத்தும் பெறாதோர் பலர். அவர்தம் உழைப்பும் உழைப்பே. அதனை உலகம் மறவாதிருக்கச் செய்வது இகழ்ச்சியாகாது, மதிப்பேயாகும்.

1984க்குப் பின்னரும் பர்னெட் ஒலிம்பிக் திடலுக்குப் பலமுறை திரும்பினார். 2012ஆம் ஆண்டு லண்டன் போட்டிக்கு அவர் கொண்டுசென்ற கருவிகளுள் ஸ்பீட் கிராபிக் என்னும் பழங்காலக் காமிராவும் ஒன்று. ஏனையோரின் காமிராக்கள் ஒரு நொடியில் பத்துப் படங்களை எடுத்துக் குவித்தன. இதிலோ ஒரு படம் எடுத்ததும் பிலிமை மாற்றியாக வேண்டும். பிலிம் மாற்றும் நேரத்தின் அருமையை அவர் அறியாதவர் அல்லர். 1972ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள், வியட்நாமின் டிராங் பாங் சிற்றூரில் குண்டுத் தீயில் வெந்த சிறுவர்கள் சாலையில் ஓடிவந்த வேளையில், அவர் பிலிம் மாற்றிக் கொண்டிருந்தார். உலகை உலுக்கிய அக்காட்சி வேறொரு காமிராவில் பதிந்தது. அவ்வாறிருந்தும், மெதுவாக இயங்கும் கருவியைப் பிற்காலத்தில் அவர் விரும்பி ஏற்றார். எண்ணிக்கையை நம்பாமல், தக்க நொடிக்காகக் காத்திருந்தார். விரைவு கருவிக்கு உரியது. தேர்வு கண்ணுக்கு உரியது.

இக்காலத்தில் கைப்பேசி உள்ளோர் யாவரும் படம் எடுக்கின்றனர். கருவி எளிதாயிற்று, காண்பதுதான் அரிதாயிற்று. பள்ளி விளையாட்டு விழாவில் படம் எடுக்கும் மாணவர், முதலில் வருபவரைப் படம் எடுப்பதோடு அமைதல் வேண்டா. இறுதியில் வந்தும் ஓட்டத்தைக் கைவிடாதவரையும் ஒரு கணம் நோக்குதல் வேண்டும். காமிரா கையில் இல்லாதவருக்கும் அந்த நோக்கு வேண்டும்.