முகமே குற்றமா?

தோழனே!

மயிலாப்பூரின் டாக்டர் இராதாகிருஷ்ணன் சாலையை நீ அறிவாய். கடற்கரை ஓரத்திலே தோன்றி, மேற்கு நோக்கி நடந்து, கதீட்ரல் சாலை என்று பெயர் மாறி, அண்ணா மேம்பாலத்தருகே முடிகிறது அந்தப் பாதை. முடிகிற இடத்திலே எழுந்து நிற்கிறது அமெரிக்கத் துணைத் தூதரகம். காலை வேளையிலே அங்கே சென்று பார். அடையாற்றிலும் கிண்டியிலும் படித்துத் தேறிய பிள்ளைகள், ஒரு கையிலே கடவுச்சீட்டும் மறு கையிலே பல்கலைக் கழகத்தின் அழைப்புமாக, உள்ளே செல்லும் நேரத்தை எதிர்பார்த்து நிற்பர். எதிரே, பெற்றோர் நிற்பர். பிள்ளையின் நெஞ்சிலே கனவு. பெற்றவர் நெஞ்சிலே கடன்!

தியாகராய நகர் பனகல் பூங்காவுக்கு அருகே, தேநீர்க் கடையிலே, நம் தோழர் ஒருவரைச் சந்தித்தேன். துணிக்கடையிலே பணி, காலையிலிருந்து இரவுவரை நின்ற கால். அவருடைய மகள் அந்த வரிசையிலே நிற்க இருக்கிறாள், வேதியியல் ஆராய்ச்சிக்காக. பேச்சோடு பேச்சாக, அமெரிக்க நாட்டிலே சீன வழிவந்த விஞ்ஞானிகள் பட்ட பாட்டைச் சொன்னேன். அவர் சிரித்தார். "தம்பி! சீனாக்காரனைப் பிடித்தால் நமக்கென்ன? 1962-ஐ மறந்துவிட்டாயா?" என்றார்.

நல்லவர், நாணயமானவர், ஆனால் கேள்வி நச்சுக் கேள்வி! அவருக்கு நான் அங்கே சொன்னது பாதி. மீதியை உன்னிடம் சொல்கிறேன், கேள்.

சியான் சூசென் என்றொரு பேரறிஞர். கலிபோர்னியாவிலே ஏவுகணை ஆய்வுக் கூடத்தை உருவாக்கியோரில் ஒருவர். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்கப் படையின் கர்னலாக ஜெர்மனி சென்று, இட்லரின் ராக்கெட் நிபுணர்களையே விசாரித்து வந்தவர். 1950-இல், பொதுவுடைமையர் என்று ஐயுற்று, அவருடைய பாதுகாப்பு அனுமதியைப் பறித்தனர். ஐந்தாண்டுக் காலம் கண்காணிப்பு. 1955-இல் சீனாவுக்கு அனுப்பினர். சென்றவர் என்ன செய்தார்? செஞ்சீனத்தின் ஏவுகணைத் திட்டத்துக்கே தந்தையானார்! வீட்டிலிருந்த விளக்கை வீதியிலே எறிந்தார்கள். அயலான் எடுத்து ஏற்றிக்கொண்டான். ஐயம் எதைக் காத்தது, சொல்!

ஐம்பதாண்டுக்கு முந்தைய கதை என்று எண்ணாதே. வென் ஹோ லீ தைவானிலே பிறந்தவர். லாஸ் அலமோஸ் அணு ஆய்வுக் கூடத்திலே பணியாற்றியவர். 1999-இல் அவர்மீது 59 குற்றச்சாட்டுகள். ஒன்பது மாதம் தனிமைச் சிறை! இறுதியிலே நின்றது ஒரே ஒரு குற்றம்: ஆவணங்களை முறைகேடாகக் கையாண்டது. 2000-ஆம் ஆண்டு செப்டம்பரிலே அவரை விடுவித்த நீதிபதி, அடைத்து வைத்த முறைக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டார். நீதி மன்னிப்புக் கேட்டது, நிர்வாகம் வெட்கப்பட்டதா?

2015 மே மாதத்திலே, பிலடெல்பியா நகரின் டெம்பிள் பல்கலைக் கழகப் பேராசிரியர் சி சியாவ்சிங் வீட்டுக்குள் துப்பாக்கியோடு நுழைந்தனர் புலனாய்வுத் துறையினர். மனைவி மக்கள் கண்ணெதிரே கைவிலங்கு. ஒரு கருவியின் வரைபடத்தைச் சீனாவுக்கு அனுப்பினார் என்பது வழக்கு. அனுப்பிய படம் அந்தக் கருவியின் படமே அன்று என்று விவரம் அறிந்தோர் விளக்கினர். செப்டம்பரிலே வழக்கு ஓய்ந்தது. படத்தைப் படிக்கத் தெரியாதவர் கையிலே பூட்டும் சாவியும்!

2018 நவம்பரிலே இந்த ஐயத்துக்கு அரசாங்க முத்திரையே குத்தினர். 'சீன முனைப்பு' என்று பெயர் சூட்டி, நீதித் துறையே தனித் திட்டம் தீட்டியது. ஒற்றாடலை ஒழிப்போம் என்று முழங்கினர். பேராசிரியர்களுக்கு எதிரான வழக்குகளைப் பிரித்துப் பார், தோழனே! பலவற்றிலே ஒற்று என்ற குற்றச்சாட்டே கிடையாது. எந்தப் படிவத்திலே எந்தச் சீனப் பல்கலைக் கழகத் தொடர்பைக் குறிக்கவில்லை என்ற கணக்குத்தான்! டென்னசியின் பேராசிரியர் ஆன்மிங் ஹூவைப் புலனாய்வு அதிகாரி ஏறத்தாழ ஈராண்டு பின்தொடர்ந்தார். அவர் ஒற்றர் என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2021 செப்டம்பரிலே நீதிபதி அவரை முற்றாக விடுதலை செய்தார். புகழ்பெற்ற எம்.ஐ.டி.யின் பேராசிரியர் காங் சென் 2021 சனவரியிலே கைது. 2022 சனவரியிலே வழக்கு வாபஸ். அடுத்த மாதமே அந்தத் திட்டத்தின் பெயர்ப்பலகையை அரசே கழற்றியது. கழன்றது பலகை, நெஞ்சிலே பதிந்த அச்சம் கழலுமா?

"ஒற்றனே இல்லையா? நாட்டின் இரகசியம் காக்க வேண்டாமா?" என்று கேட்பாய். கேள், கேட்கத்தான் வேண்டும். ஒற்றர் உண்டு. சீன அரசும் ஒற்றறிகிறது. பிற வல்லரசுகளும் அறிகின்றன. சான்று காட்டு, குறுக்கு விசாரணைக்கு விடு, குற்றம் மெய்யானால் தண்டனை கொடு; மறுப்போர் யார்? நாம் மறுப்பது, முகத்தைச் சான்றாக்கும் முறையை!

அணுகுண்டின் மறையை உருசியாவுக்குக் கொடுத்தவன் யார்? கிளாஸ் புக்ஸ்! ஜெர்மனியிலே பிறந்து, பிரிட்டிஷ் குடிமகனாகி, லாஸ் அலமோசிலே அமர்ந்திருந்த வெள்ளை முகத்தான். முகம் பார்த்து ஐயுறும் முறையிலே அவன் அகப்பட்டானா? வாயிற்காவலன் கறுத்த முகத்தையும் மஞ்சள் முகத்தையும் தடவித் தடவிப் பார்த்துக்கொண்டிருக்கையிலே, வெள்ளை முகம் பெட்டியோடு வெளியேறிற்று. இனத்தைப் பார்ப்பது அநீதி மட்டுமன்று, காவலுக்கே கேடு!

இனி, நம் தோழரின் "நமக்கென்ன?" என்ற கேள்விக்கு வருகிறேன். அவருக்கு விடை, அதே மயிலாப்பூர்ச் சாலையிலேயே இருக்கிறது. எட்வர்டு எலியட்ஸ் சாலை என்று அது அழைக்கப்பட்ட காலத்திலே, அங்கே 'சந்திர விலாஸ்' என்றொரு இல்லம். அந்த வீட்டுப் பிள்ளை சுப்பிரமணியன் சந்திரசேகர். மாநிலக் கல்லூரியிலே படித்து, 1930-இல் கப்பலேறி, 1983-இல் நோபல் பரிசு பெற்ற மேதை. சிகாகோவிலே அவர் பாடம் நடத்த வந்தபோது, நிறத்தைக் காட்டித் தடுக்கப் பார்த்தார் ஒரு துறைத் தலைவர். பல்கலைக் கழகத் தலைவர் அதைத் தள்ளி, தமிழனுக்கு வகுப்பறையைத் திறந்து விட்டார். போர்க் காலத்திலே லாஸ் அலமோஸ் பணிக்கு அழைப்பு வந்தும், பாதுகாப்பு அனுமதி காலம் கடந்துகொண்டே போனதால் அவர் அங்கே செல்லவில்லை.

அந்தச் சந்திரசேகர் பனியையும் குளிரையும் பாராமல் நெடுந்தொலைவு காரோட்டிச் சென்று, இரண்டே மாணவருக்குப் பாடம் சொன்னார் என்று ஒரு கதை கூறுவர். அந்த இருவர் யார்? லீ, யாங் என்ற சீன இளைஞர்! 1957-இல் இருவரும் நோபல் பரிசு பெற்றனர். ஆசிரியருக்கு முந்தினர் மாணவர். மயிலாப்பூர்த் தமிழன் சொல்லிக் கொடுத்தான், சீனத்துப் பிள்ளைகள் கற்றனர், உலகம் பயனடைந்தது. இதிலே எது ஒற்று? எது திருட்டு? இன்று சீனன் நிற்கும் கூண்டிலே நாளை நம் துணிக்கடைத் தோழரின் மகள் நிற்க எவ்வளவு நேரமாகும்? வல்லரசுகளின் நட்பு வானிலை போன்றது. இன்று வெயில், நாளை புயல். சட்டம் மட்டும்தான் கூரை. அடுத்த வீட்டுக் கூரையைப் பிரிக்கையிலே கைதட்டியவனுக்கு, மழை வரும்போது பேச வாயிராது!

1962-ஐ மறந்தாயா என்றார் அவர். மறக்கவில்லை! எல்லையிலே மாண்ட வீரரை மறக்கவில்லை. அதே ஆண்டு, அசாமிலும் டார்ஜிலிங்கிலும் வாழ்ந்த சீன வழியினர் ஏறத்தாழ 3,000 பேரை, குழந்தை, கிழவர் என்று பாராமல் இரயிலேற்றி, இராசத்தானின் தேவளி முகாமிலே அடைத்ததையும் மறக்கவில்லை. பல ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தோர் உண்டு. அவர்களிலே பலர் இந்த மண்ணிலே பிறந்தவர். இந்த நாட்டு மொழிகளைப் பேசியவர். செய்த குற்றம்? மூக்கும் விழியும்! கனடாவிலே குடியேறி முதுமையடைந்துவிட்ட சிலர், ஒரு சொல் மன்னிப்பைக் கேட்டிருக்கின்றனர். ஒரு சொல்! அதைக் கொடுக்க வக்கற்றவருக்கு வாஷிங்டனை ஏச வாயுண்டோ?

ஐயம் இனத்தோடு நிற்கும் என்றும் நம்பாதே. பழகிவிட்டால் அது சொந்த இனத்தையும் கடிக்கும். நாகர்கோவிலிலே பிறந்த நம்பி நாராயணன், இந்திய விண்வெளித் துறையிலே திரவ எரிபொருள் எஞ்சினுக்கு உழைத்தவர். 1994 நவம்பர் 30-ஆம் நாள் கேரளக் காவல் துறை கைது செய்தது. கிரையோஜெனிக் நுட்பத்தை விற்றாராம்! நாட்டிடமே இல்லாத நுட்பத்தை! ஏறத்தாழ 50 நாள் காவல். 1996-இல் வழக்கு பொய் என்றது மத்தியப் புலனாய்வுத் துறை. 1998-இல் உச்ச நீதி மன்றம் அதை முடித்து வைத்தது. 2018 செப்டம்பர் 14-இல் 50 இலட்ச ரூபாய் இழப்பீடு அளிக்க ஆணை பிறந்தது. கைதுக்கும் ஆணைக்கும் இடையே 24 ஆண்டுகள்! அதே வழக்கிலே சிக்கிய மாலத்தீவுப் பெண்கள் இருவர் மூன்றாண்டுக்கு மேல் சிறையிலே வாடினர். அயல்நாட்டுப் பெண்களுக்காகக் குரல் கொடுத்தோர் எத்தனை பேர்?

நாடகம் எழுதுபவன் நான். கல்லூரிப் படிப்பை நடுவழியிலே விட்டவன். நான் அறிந்த பெருங்காவியம் ஒன்றிலே இந்த வழக்கு முன்பே நடந்திருக்கிறது. பிழைக்க வந்த ஊரிலே சிலம்பு விற்கப் போனான் கோவலன். கள்வன் என்றான் பொற்கொல்லன். கொல்ல வந்த காவலர், "இவன் முகம் கள்வன் முகமாகத் தோன்றவில்லையே" என்று தயங்கினர். கொல்லனோ களவு நூல் பேசி அவர் வாயை அடைத்தான். மதுரையிலே முகம் காப்பாற்ற முயன்றது. இன்றோ முகமே கொலைக்களத்துக்கு இழுக்கிறது! விசாரியாமல் விதித்த தீர்ப்பினால் எரிந்தது கோவலன் வீடா? மன்னனின் தலைநகர்!

ஆகவே, தோழனே! உன் தெருமுனைக் கூட்டத்திலே இதைப் பேசு. பொய் வழக்கிலே சிக்குண்டோர்க்கு இழப்பீடு வேண்டும் என்று இந்தியச் சட்ட ஆணையம் 2018-இல், தன் 277-ஆம் அறிக்கையிலே பரிந்துரைத்தது. அதை ஏட்டிலே உறங்க விடாதே என்று நம் நாடாளுமன்ற உறுப்பினரிடம் கேள். தேவளி முகாமுக்கு மன்னிப்பு எங்கே என்று கேள். நம் பிள்ளைகள் கடல் கடந்து படிக்கும் நாடுகளிலே, சீன மாணவனுக்கு ஒரு நீதி, நம்மவனுக்கு ஒரு நீதி என்று கேட்காதே. ஒரே நீதி கேள்!

அந்தத் தேநீர்க் கடைத் தோழர் நான் சொன்ன பாதியைக் கேட்டுவிட்டு, குவளையைக் கீழே வைத்தார். "தம்பி, என் மகள் சேரவிருக்கும் கூடத்துத் தலைவரே சீனர்தான். நல்லவர் என்று எழுதியிருந்தாள்" என்றார்.

அந்தச் சீனர் நிமிர்ந்து நடந்தால்தான் அவருடைய மகளும் அங்கே நிமிர்ந்து நடப்பாள். நமக்கென்ன என்றா கேட்டோம்? நமக்குத்தான், தோழனே!