ஒரு வினைச்சொல்லும் ஒரு சகோதரியின் அச்சமும்



வவுனியாவில் நான் நடத்தும் பெண்கள் வகுப்பில் ஒரு சகோதரி இருக்கிறார். 1990 ஒக்டோபரில் வடபுல முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது தாயின் கையைப் பிடித்துக்கொண்டு புத்தளம் போனவர். மீனின் வயிற்றில் யூனுஸ் (அலை) ஓதிய துஆவைத் தாயார் வழியெல்லாம் ஓதினாராம். அதைக் கேட்டே இவருக்கும் பாடம். அண்மையில் ஸூரத்துல் அன்பியாவின் 87ஆம் வசனத்தை ஒரு தமிழாக்கத்தில் வாசித்திருக்கிறார். தம்மைப் பிடிக்க அல்லாஹ்வுக்குச் சக்தியில்லை என்று அந்த நபி எண்ணியதாக அதில் இருந்ததாம்.

"மவ்லவி, ஒரு நபி இப்பிடி நினைப்பாங்களா? இப்ப அந்த துஆவை ஓத வாய் வருகுதில்லை" என்றார்.

கேட்டது நியாயமான கேள்வி. பிழை நபியிடத்தில் இல்லை. ஒரு வினைச்சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்று நாம் எண்ணுவதில் இருக்கிறது.

'என்னால் முடியும்' என்கிறோம். 'பாடசாலை ஒன்றரைக்கு முடியும்' என்றும் சொல்கிறோம். சொல் ஒன்று, பொருள் இரண்டு. (பேச்சில் நாம் 'ஏலும்' என்று சொல்லித் தப்பிவிடுகிறோம்!) அரபியில் 'கதர' அப்படிப்பட்ட சொல். 'ஆற்றல் பெற்றான்' என்பது எல்லோருக்கும் தெரிந்த பொருள். அல்லாஹ்வின் திருநாமமான 'கதீர்' அதிலிருந்து வந்தது. 'அளந்தான்' என்பது இன்னொரு பொருள். 'அந்த வீட்டில் அளந்துதான் சோறு போடுவார்கள்' என்று நாம் சொன்னால் என்ன கருத்து? கை இறுக்கம் என்பதுதானே! அரபியிலும் அவ்வாறே, அளப்பது என்பது நெருக்குவது, குறைப்பது என்றாகிறது.

இது வலிந்து சொல்லும் விளக்கம் அல்ல. ஸூரத்துர் ரஃதின் 26ஆம் வசனத்தில், அல்லாஹ் நாடியவருக்கு ரிஸ்கை விரிக்கிறான் என்பதற்கு எதிராக இதே சொல்தான் வருகிறது. அங்கே 'ஆற்றல்' என்று பொருள் வைத்தால் வசனமே நிற்காது. ஸூரத்துல் ஃபஜ்ரின் 16ஆம் வசனமும் அப்படித்தான்.

யூனுஸ் (அலை) தம் சமூகத்தார் ஏற்காததால் கோபத்துடன் புறப்பட்டார்கள். தம்மை அல்லாஹ் நெருக்கடிக்குள்ளாக்க மாட்டான் என்று எண்ணினார்கள். இப்னு அப்பாஸ் (ரழி), முஜாஹித், ளஹ்ஹாக் ஆகியோர் வழியாக இந்தப் பொருளையே இப்னு கஸீர் பதிவு செய்கிறார். இமாம் தபரியும் இதையே தெரிந்தெடுத்தார். 'விதிக்க மாட்டோம்' என்று பொருள் கொண்டவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் இறைவனின் வல்லமையில் ஒரு நபி ஐயம் கொண்டார் என்ற பேச்சுக்கு இடமில்லை.

அடுத்து நடந்ததையும் பாருங்கள். நெருக்கடி வராது என்று எண்ணிப் போனவர் வந்து சேர்ந்த இடம் மீனின் வயிறு! அதைவிட நெருக்கமான இடம் எது? இந்தப் பொருளை வைத்தால்தான் வசனத்தின் முன்னும் பின்னும் ஒன்றாய்ப் பொருந்துகிறது.

தபரி சான்றாகக் காட்டிய ஸூரத்துத் தலாக்கின் 7ஆம் வசனத்தையும் வகுப்பில் சொன்னேன். ரிஸ்க் நெருக்கப்பட்டவன் அல்லாஹ் கொடுத்ததிலிருந்து செலவு செய்யட்டும் என்பது அதன் கருத்து. தலாக் சொல்லப்பட்டவளுக்கும் பாலூட்டுபவளுக்கும் உரிய செலவைப் பற்றிய இடம் அது.

துஆவைப் பற்றிக் கேட்ட சகோதரி இலக்கத்தைக் கொப்பியில் குறித்துக்கொண்டார். பின்வரிசையிலிருந்து இன்னொரு குரல் வந்தது:

"அப்ப, கையில காசில்லை எண்டு சொல்லி ஆம்பிளை தப்ப ஏலாதா, மவ்லவி?"

ஏலாது. குறைவாகக் கொடுக்கலாம், கொடுக்காமல் விட முடியாது. அந்த வசனத்தை அடுத்த மாதம் விரிவாகப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.