பெயர் மறந்த படப் புத்தகம்

வழவழப்பான தாள். பனி மூடிய காடு. அடுப்பின் மேல் படுத்திருக்கும் பையன். அந்த அடுப்பே வண்டியாகி அவனைச் சுமந்து ஓடுகிறது. ஐம்பது வயதைத் தாண்டிய தமிழர் பலருக்கு இப்படி ஒரு படப் புத்தகம் நினைவில் இருக்கிறது, பெயர்தான் நினைவில்லை. பேரப் பிள்ளைக்கு வாங்கித் தரலாமென்று கடை கடையாய் விசாரித்து, வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

அடுப்பில் பவனி வருபவன் ருஷ்ய நாடோடிக் கதைகளின் சோம்பேறி எமேல்யா. ஆனால் கதை தெரிந்தால் புத்தகம் தெரிந்ததாகாது. ஒரே கதைக்குப் பல ஓவியர்கள் படம் வரைந்திருக்கிறார்கள். தேடுகிறவருக்கு வேண்டியது தாம் பார்த்த அந்தப் படம்.

கொழிஞ்சாம்பாறை போன்ற எல்லைப்புற ஊர்க்காரர்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். மாஸ்கோவில் அச்சான சோவியத் சிறுவர் நூல்களில் படங்கள் அப்படியே இருக்க, எழுத்து மட்டும் மொழிக்கு மொழி மாறியது. தமிழ்நாட்டில் நியூ செஞ்சுரி புத்தக நிலையமும் கேரளத்தில் பிரபாத் புத்தக நிலையமும் அவற்றை விற்றன. 1947 ஜூலையில் தமிழிலும் தெலுங்கிலும் தொடங்கிய அம்புலிமாமாவும் இப்படித்தான். சங்கர் வரைந்த விக்கிரமாதித்தனும் வேதாளமும் மலையாள 'அம்பிளி அம்மாவ'னிலும் வந்தார்கள். ஆகவே தமிழில் மட்டும் தேடுவது பாதித் தேடல்தான். படித்தது மலையாளமாக இருந்து, மனம் அதைத் தமிழாக்கி வைத்திருக்கலாம். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது!

நூலகங்களின் போக்கும் சரியில்லை. 1954-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் நூலின் பிரதி சென்னை கன்னிமாரா நூலகத்துக்கு அனுப்பப்பட வேண்டும். மாஸ்கோவில் அச்சாகி இறக்குமதியானவை அந்த விதிக்குள் வரவில்லை. 1991-ல் சோவியத் நாடே கலைந்தபின் வரத்தும் நின்றது. மிஞ்சியவை ஊர் நூலகங்களிலும் பள்ளி அலமாரிகளிலும் கிடந்தவைதான். அவற்றையும் கிழிந்தவை என்று கழித்து எடைக்குப் போடுவது அநியாயம். குழந்தைகள் கைபட்ட புத்தகம் கிழியாமல் எப்படி இருக்கும்? பட்டியலிலோ நூலாசிரியர் பெயர் உண்டு, விலை உண்டு. ஓவியர் பெயருக்கு இடமே இல்லை.

அட்டை போன பிரதி கிடைத்தால் கடைசிப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். சோவியத் நூல்களில் பெரும்பாலும் அங்கே ருஷ்ய எழுத்தில் மூலத் தலைப்பு இருக்கும். ருஷ்ய மொழி தெரிந்த ஒருவரிடம் காட்டினால் விஷயம் வெளிவந்துவிடும்.

பிரதியே இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. சித்தூர் வட்டத்துத் தமிழ்வழிப் பள்ளிகளில் பழைய நூலக இருப்புப் பதிவேடுகள் எங்காவது பரணில் கிடக்கலாம். புத்தகம் போயிருந்தாலும் பெயர் அதில் இருக்கும். ஊருக்கு வரும்போது அதைப் புரட்டிப் பார்க்கத் தலைமையாசிரியர்கள் அனுமதி தர வேண்டும். அந்த ஏடுகளை இந்த ஆண்டும் பழைய தாளோடு சேர்த்துக் கட்டிவிடாமலும் இருக்க வேண்டும்.